லீவு வீணாகக் கூடாது

ஹல்விக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பறையில் இல்வாவும் யெஸ்பரும் வந்து நின்றபோது அவர்கள் காலடியில் ஒரு குட்டிக் குளமே கட்டிவிட்டது. முதுகுப்பைகளிலிருந்து சொட்டியது, தொப்பிகளிலிருந்து சொட்டியது, யெஸ்பரின் தாடியிலிருந்தும் சொட்டியது. வெள்ளைக் குளியல் அங்கி போட்டிருந்த ஒரு வயதான தம்பதி காப்பிக் கோப்பையும் கையுமாக அந்தக் குளத்தைச் சுற்றி வளைந்து போனார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த நாட்டுக்காரர்கள் நாங்கள் கேட்க மாட்டோம். ஒருவன் தலையில் மரமே விழுந்து கிடந்தாலும் அவனாக வாய் திறந்து சொல்லும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் ரகம் நாங்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் மட்டும், அது தன் வேலை என்பதால், கேட்டாள்.

"நடந்தா வந்தீங்க, இந்த மழையில?"

"பாதி நடை, பாதி நீச்சல்," என்றான் யெஸ்பர்.

அந்தப் பெண் சிரித்தாள். அவனும் சிரித்தான். இல்வா சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இவனுக்கு எப்படித்தான் சிரிப்பு வருகிறது என்று யோசித்தாள். கோபத்தில் அல்ல. கோபம் வருவதற்கும் உள்ளே கொஞ்சம் சூடு இருக்க வேண்டும். பாறை உச்சியில் நிற்கும் ஆட்டைப் பார்த்து, இது எப்படி அவ்வளவு மேலே ஏறியது என்று யோசிப்போமே, அந்த மாதிரிதான் யோசித்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்கோனே மாகாணத்தின் தெற்கு முனையிலிருந்து கிளம்பியவர்கள். கடலை விடாமல் வடக்கே நடப்பது என்று திட்டம். கூடாரம், அடுப்பு, தண்ணீர் ஊற்றினால் உருளைக்கிழங்கு மசியலாகும் பொடி, எல்லாம் முதுகில். இப்படி ஒரு ஹோட்டலில் தங்குவது திட்டத்திலேயே இல்லை. மழை விடாமல் அடித்ததில் தூங்குபைகள் நனைந்து ஊறிவிட, "போதும், ரெண்டு நாள் மனுஷங்க மாதிரி இருப்போம்," என்று யெஸ்பர்தான் அறை எடுத்தான். இல்வா சரி என்றாள். இப்போதெல்லாம் அவள் எல்லாவற்றுக்கும் சரிதான் சொன்னாள்.

பார்க்கப் போனால் இந்த நடையே நடந்திருக்கக் கூடாத நடை. இந்த இலையுதிர்காலத்தில் இவர்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும், மூன்று பேராக. பிள்ளை பிறந்தால் அம்மாவும் அப்பாவும் நீண்ட லீவு எடுப்பது எங்கள் வழக்கம். பல் துலக்குவது மாதிரி, அதில் பேச ஒன்றுமில்லை. இல்வா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். யெஸ்பர் நகராட்சியில் தண்ணீர்க் குழாய்களின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்பவன். இருவருமே குளிர்காலத்தில் சொல்லி லீவு வாங்கி வைத்திருந்தார்கள்.

ஏப்ரலில், பிரசவம் நெருங்கியிருந்த வேளையில், வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. இல்வா பெற்றாள், கையில் வாங்கிக்கொண்டாள். ரூனா என்று பெயர் வைத்தார்கள். புதைத்தார்கள். அதை இதைவிட நீட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

ஜூலையில் ஒரு சாயங்காலம் யெஸ்பர் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான். "அந்த லீவு இருக்குல்ல, அதை ரெண்டு இடத்துலயும் இன்னும் ரத்து பண்ணல. கேட்டுப் பாத்தேன். வேணும்னா வேற லீவா மாத்தித் தர்றேங்கிறாங்க. எங்கயாவது நடக்கப் போலாமா? லீவு வீணாகக் கூடாதுல்ல."

காய்ந்த ரொட்டியைத் தூக்கிப்போட மனம் வராத ஜனங்கள் நாங்கள். கிழிந்த சட்டையைக் குப்பையில் போடும் முன் பொத்தானை வெட்டி டப்பாவில் சேர்ப்போம். ஆனாலும் எதை மிச்சம் பிடிப்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா! வேறு ஊர்க்காரன் என்றால் சுவரில் முட்டிக்கொண்டு அழுதிருப்பான். இவன் பிள்ளைக்காக வாங்கிய லீவைப் பிள்ளை இல்லாமல் செலவழிக்க வழி பார்த்தான். அந்த மனிதன் வாயில் அந்த வார்த்தையை வைத்த எங்கள் வளர்ப்பை என்னவென்று சொல்ல.

அன்றும் இல்வா சரி என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியம் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வலிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது.

நடந்த வழியெல்லாம் யெஸ்பர் பேசினான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, அடுப்புக்கு எரிவாயு எவ்வளவு மிச்சம், பூட்ஸ் கடித்த இடத்தில் எந்தப் பிளாஸ்திரி நன்றாக ஒட்டுகிறது. ரூனாவின் பெயரை மட்டும் அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அழவும் இல்லை. இல்வாவும் அழவில்லைதான். அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. குதிகாலில் கொப்புளம் உடைந்ததை சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சூப்பில் உப்பு போட மறந்தால் அது அவன் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. இரண்டு பேரில் ஒருவராவது அழுதிருந்தால் மற்றவர் தேற்றப் போயிருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. தனக்கு எதுவும் உறைக்கவில்லை, இவனுக்கோ எல்லாம் மறந்தே போயிற்று என்று அவள் முடிவு கட்டினாள்.

ஹோட்டலுக்கு வருவதற்கு முந்தின நாள், மழைக்கு ஒதுங்கிய ஒரு மரக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது இன்னொரு முடிவுக்கும் வந்தாள். ஹல்விக்கிலிருந்து ரயில் நிலையத்துக்குப் பஸ் இருக்கிறது. அவன் வடக்கே நடக்கட்டும். அவள் ஊருக்குப் போய்த் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு, அவன் திரும்பி வருவதற்குள் வேறு வீடு பார்த்துப் போய்விடுவாள். அவன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பேராகச் சேர்ந்து ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிடத் தனியாகவே அப்படி இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஹோட்டலில் வைத்து இதை அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

ஹோட்டலுக்கு வந்த மறுநாள் காலையில் மழை நின்றிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் குளியல் அங்கியில் இருந்தார்கள். அந்த ஹோட்டலில் வந்து இறங்கியதும் ஆளுக்கொரு வெள்ளை அங்கியும் செருப்பும் கொடுப்பார்கள். வங்கி மேலாளரிலிருந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள்வரை அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அலைவார்கள், கடைத்தெருவுக்குக்கூட. பார்த்தால் ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா நோயாளிகளும் ஒரே நாளில் குணமானதுபோல இருக்கும்.

யெஸ்பர் தட்டில் மத்தி மீன் ஊறுகாயும் வேகவைத்த முட்டையும் குவித்துக்கொண்டு வந்தான். உட்கார்ந்து முட்டையின் தலையைச் சீவினான். பக்கத்து மேஜைக்கு ஓர் இளம் தாய் வந்து, உயர நாற்காலியில் தன் குழந்தையை உட்கார வைத்தாள். அது கரண்டியால் மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. யெஸ்பர் எழுந்தான்.

"இங்க ஒரே காத்து. அந்த மூலைக்குப் போயிடலாம்."

"எங்கடா காத்து? ஜன்னலே இல்லையே."

"எங்கிருந்தோ வருது. வா."

இல்வா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். குழந்தையின் பக்கம் அவளும் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தாள். நேற்று மழையில் நனைந்தவனுக்கு இன்று காற்று ஆகவில்லையாம். வயதாக ஆக இவன் அவன் அப்பாவைப் போலவே நொய்நொய் என்று ஆகிவிடுவான், ஆனால் அதைப் பார்க்கத் தான் இருக்கப்போவதில்லை என்றும் நினைத்துக்கொண்டாள். அதுவும் வலிக்கவில்லை.

பிறகு கண்ணாடி போட்ட வராந்தாவில் சாய்வு நாற்காலிகளில் படுத்தார்கள். கம்பளி போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்துப் படுத்திருப்பதுதான் அங்கே வேலை. கடல் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. காப்பி வந்தது. இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் வந்தது. இல்வா அதைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டாள், தீர்ந்தது. யாரோ பஞ்சைத் தின்னச் சொன்னதுபோல இருந்தது. யெஸ்பர் படுக்கவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து நடைபூட்ஸுகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் செல்போனில் பஸ் நேரத்தைப் பார்த்தாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யெஸ்பர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாக்ஸ் விஷயமா?"

"என்ன சாக்ஸ்?"

"தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். உன் கம்பளி சாக்ஸைக் காய வைக்க ஹீட்டர் மேல போட்டேனா, சுருங்கிப்போச்சு. ரொம்ப இல்ல."

"ரொம்ப இல்லன்னா?"

"இனிமே சின்னக் காலுக்குத்தான் சேரும்," என்று சொன்னவன், பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்து அதற்குள் மெழுகு தேய்க்கத் தொடங்கினான். அங்கெல்லாம் யாரும் மெழுகு தேய்க்க மாட்டார்கள்.

"சாக்ஸ் கிடக்கட்டும். இது வேற."

அவன் நிமிராமலேயே சொன்னான். "முதல்ல கடல்ல ஒரு முங்கு போட்டுட்டு வந்துருவோம். அப்புறம் சொல்லு. எதுவா இருந்தாலும் குளிச்சுட்டுக் கேட்டுக்கறேன்."

"எதுக்கோ பயப்படுற மாதிரி பேசுற."

"பச்சைத் தண்ணிக்குத்தான் பயம்."

குளிப்பதற்கு முன் சொல்வதைக் குளித்த பின்னும் சொல்லலாம், வார்த்தை ஒன்றும் ஊசிப்போகாது என்று இல்வாவும் எழுந்தாள்.

கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரக் குளியல் மனைக்கு நீண்ட பாலத்தில் நடந்து போனார்கள். அங்கிக்குள் காற்று புகுந்து முழங்காலைக் கடித்திருக்க வேண்டும், இல்வாவுக்கு அது ஏதோ தகவல்போல வந்து சேர்ந்தது. பாலத்தின் கோடியில் இரண்டு கதவுகள். வலது பெண்களுக்கு, இடது ஆண்களுக்கு. நடுவே ஒரு பலகைச் சுவர் தண்ணீர்வரைக்கும் போகும். உள்ளே துணி எதுவும் கிடையாது, உட்கார ஒரு துண்டு மட்டும். சூட்டறையில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்து, பொறுக்க முடியாமல் போனதும் படியிறங்கிக் குளிர்ந்த கடலில் விழ வேண்டும். விழுந்து எழுந்து மறுபடி சூட்டறை. என்னத்துக்கு என்று கேட்கக் கூடாது.

"அரை மணி?" என்றான் யெஸ்பர்.

"ம்."

தெற்கு முனையில் கிளம்பியதிலிருந்து அவர்கள் வெவ்வேறு கதவுகளுக்குள் போவது இதுதான் முதல் தடவை.

சூட்டறையில் யாரும் இல்லை. இல்வா மேல் பலகையில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். கல் அடுப்பு சிவந்துகொண்டிருந்தது. எதிரே நீள ஜன்னலில் கடல். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரிய மனுஷி வந்தாள். எழுபது இருக்கும். தலையில் மட்டும் ஒரு கம்பளித் தொப்பி.

தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால் பையில் சாவி தேடுவதுபோலக் குனிந்துகொள்ளும் நாங்கள், துணியை அவிழ்த்துவிட்டுச் சூட்டறையில் உட்கார்ந்தால் மட்டும் முன்பின் தெரியாதவர்களிடம் மூலநோய் முதல் மருமகள்வரை எல்லாவற்றையும் பேசித் தீர்ப்போம். எழுந்து வெளியே வந்ததும் மறுபடியும் யார் நீ யார் நான்.

"நான் குன்-பிரித்," என்றாள் அவள், பலகை முனக உட்கார்ந்தபடி. "நீ புதுசு."

"இல்வா. ஹோட்டல்ல தங்கியிருக்கோம்."

"புருஷன் அந்தப் பக்கமா?"

"ஆமா."

"நல்லது. இந்தச் சுவர் சும்மா பேருக்குத்தான் கண்ணு, பலகை காய்ஞ்சு இடுக்கு விட்டுப்போச்சு. அந்தப் பக்கம் பேசுறது எல்லாம் தெளிவாக் கேக்கும். என் வீட்டுக்காரர் வீட்டுல பேசவே மாட்டார். அவருக்கு முழங்கால் ஆபரேஷன்னு எனக்கே இங்க உக்காந்துதான் தெரியும்." கரண்டியால் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்து இருவரையும் மூடியது. "இப்பவும் அந்தப் பக்கம்தான் இருக்கார். பெர்யே. குரலைக் கேட்டாலே தெரியும், தகர டப்பாவுல கல்லு போட்ட மாதிரி."

தெரிந்தது. சுவருக்கு அப்பால் கரகரவென்று ஒரு குரல் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தது.

"கால் என்ன தம்பி, இப்படி வெந்து கிடக்கு?"

"நடந்து வர்றோம். தெற்கு முனையிலருந்து." யெஸ்பரின் குரல்.

"அடேயப்பா. தனியாவா?"

"இல்ல, மூணு பேரா."

இல்வா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறு யாரோ பேசுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"நான், என் பொண்டாட்டி, எங்க பொண்ணு," என்றான் யெஸ்பர். "அஞ்சு மாசம் ஆகுது."

"அஞ்சு மாசப் பிள்ளையத் தூக்கிட்டா இந்த மழையில நடந்தீங்க?"

"அவளுக்கு மழை பிடிக்கும். என் நெஞ்சோட கட்டியிருப்பேன், மேல மழைக்கோட்டு போட்டு மூடிருவேன், தலை மட்டும் வெளியில. காத்து அடிச்சா கண்ணை இறுக்கி மூடிக்குவா. கடல் காக்கா கத்துச்சுன்னா டக்குன்னு திரும்புவா, யாருடா அதுங்கற மாதிரி."

பெர்யே சிரித்தார். "பேரு என்ன?"

"ரூனா."

இல்வாவின் கை தானாகப் போய்ப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெயரை அவன் எவ்வளவு லேசாகச் சொன்னான்! தினமும் நூறு தடவை கூப்பிட்டுப் பழகியவன் சொல்வதுபோல.

"ராத்திரி தூங்க விடுறாளா?"

"தூங்குவா. கூடாரத்துல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டுக்குவோம். நான் கையைக் குறுக்கப் போட்டு வச்சுக்குவேன். இப்பத்தான் கவிழப் பழகுறா, உருண்டுட்டான்னா?"

ஒவ்வொரு ராத்திரியும் யெஸ்பர் கூடாரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நடுவில் இடம் விட்டு, அந்த இடத்தின்மேல் கையைப் போட்டுப் படுப்பான். தன்மேல் படக் கூடாது என்றுதான் அப்படிப் படுக்கிறான் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"பல்லு?" என்றார் பெர்யே.

"ஒண்ணு. கீழ."

"அதான் ஆரம்பம். எங்க மூத்தவனுக்குப் பல்லு வந்தப்ப நான் மேஜைக் காலைக் கடிக்கலாமான்னு இருந்தேன், தூக்கமே இல்ல." பலகை கிரீச்சிட்டது. "ஆமா, ரெண்டு பேரும் குளிக்க வந்துட்டீங்களே தம்பி. பிள்ளை இப்ப யார்கிட்ட?"

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. குன்-பிரித் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். சுவருக்கு அப்பால் யெஸ்பர் தொண்டையைச் செருமினான், "அவ," என்றான், நின்றான். மறுபடி, "அவ வந்து," என்றான்.

இவ்வளவு நாள் நெஞ்சோடு கட்டித் தூக்கிவந்தவனுக்கு இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. ஒரு சின்னப் பொய், அறையில் தூங்குகிறாள் என்றோ, பாட்டியிடம் இருக்கிறாள் என்றோ, எந்த மடையனுக்கும் வரும். அவனுக்கு வரவில்லை. அவளை யாரிடமும் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இல்வாவுக்கு அது புரிந்தது. புரிந்ததும் முதுகில் சூடு உறைத்தது. பலகை சுட்டது, காற்று சுட்டது, மூக்கின் உட்பக்கம் எரிந்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு எல்லாம் சுட்டது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட இருக்கா," என்றாள் சத்தமாக.

சுவருக்கு அப்பால் பெர்யேதான் அலறினார். "என்னம்மா இது! பிள்ளையச் சூட்டறைக்குள்ளயா வச்சிருக்க?"

"இல்ல, இல்ல. வெளியில. வண்டியில தூங்குறா." அவள் நிறுத்தவில்லை. "வாசப் பக்கம், காத்துப் படாத இடமாப் பாத்து விட்டிருக்கேன்."

அதில் பெர்யேவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. உறைபனியிலும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் போட்டு வாசலில் தூங்க வைத்துவிட்டு உள்ளே காப்பி குடிக்கும் ஊர் இது. வெளிக்காற்றில் தூங்காத பிள்ளை தேறாது என்று எங்கள் தாய்மார்கள் எல்லோரும் சொல்வார்கள்.

"அப்பச் சரி," என்றார் அவர். "அழுதா உனக்குக் கேக்குமா?"

குன்-பிரித் இல்வாவைப் பார்த்தாள். பாலம் முழுக்க நடந்து அந்த வாசல் வழியாக இப்போதுதான் வந்தவள். அங்கே வண்டி எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இல்வாவின் முகத்தைப் பார்த்தாள், காலியாக மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். கம்பளித் தொப்பியைக் கழற்றினாள்.

"பெர்யே, கொஞ்சம் மெதுவாப் பேசித் தொலையேன்," என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "நான் இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். அழகாத் தூங்குது. உன் தொண்டையாலயே எழுந்துரும்."

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்," என்று முணுமுணுத்தார் பெர்யே.

பிறகு பலகைக்கு மிக அருகே, வாயை இடுக்கில் வைத்ததுபோல, யெஸ்பரின் குரல் வந்தது.

"இல்வா. தொப்பி போட்டிருக்கியா அவளுக்கு?"

"போட்டிருக்கேன்."

"காது மூடுற மாதிரி?"

"மூடித்தான் போட்டிருக்கேன்டா."

குன்-பிரித் ஒன்றும் கேட்கவில்லை, தோளில் கை வைக்கவும் இல்லை. எழுந்து போய்க் கல்லின்மேல் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆவி வந்து மூடிக்கொண்டது. அந்த மூடலுக்குள் இல்வா அழுதாள். முதலில் அழத் தெரியாதவள்போல விக்கி விக்கி, பிறகு வாய் திறந்து, எச்சில் ஒழுக. வெட்கமாக இல்லை. வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. பிறகு படியிறங்கிக் கடலில் விழுந்தாள். தண்ணீர் கத்தியாகக் குளிர்ந்தது. அவள் சத்தம் போட்டுக் கத்தினாள்.

அங்கியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது யெஸ்பர் பாலத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அங்கியைத் தாறுமாறாகக் கட்டியிருந்தான். தாடி நனைந்து முகம் சிறுத்துப்போயிருந்தது. அவள் வருவதைப் பார்த்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏதோ சொல்லணும்னியே," என்றான்.

இல்வா உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும். ஊருக்குப் போறேன்னு சொல்லப் போற. பஸ் நேரம் பாத்துட்டு இருந்ததைப் பாத்தேன்." தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஆள்போலக் கைகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். "போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு மட்டும் நினைச்சுட்டுப் போகாத. அவ இல்லன்னு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். இந்த லீவு அவளோடதுதானே. அதான் அவளைக் கூட்டிட்டு வந்தேன். உன்கிட்டச் சொன்னா நீ..."

உதடு கோணியது. பெரிய மனிதன், தாடிக்காரன், கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

போகிறேன் என்று சொல்வதற்காக இல்வா வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் பக்கத்தில் இல்லை. தேடிப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. அது தெரியாமல் இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாதுபோல இருந்தது.

"பல்லு எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கேலி செய்கிறாளா என்று பார்த்தான். இல்லை என்று தெரிந்ததும் மூக்கை அங்கியின் கையில் துடைத்துக்கொண்டான்.

"மழை பிடிச்ச அன்னிக்கு," என்றான். "ராத்திரி பூரா ஒரே அழுகை. விரலைக் கொடுத்தேன், கடிச்சுட்டே கிடந்தா. விடியற நேரத்துலதான் தடவிப் பாத்தேன், அரிசி மாதிரி இருந்துச்சு."

"நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"நீ அசந்து தூங்கிட்டு இருந்த. பாவமா இருந்துச்சு. எழுப்பல."

"எழுப்பியிருக்கணும்," என்றாள் இல்வா.